ஒரே புரோக்கர், வேறு வேறு இயங்குதளம்: எது வேகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம், நாங்கள் நாலு பேர் சேர்ந்து நெல் ஆலைகளுக்கும் மொத்தக் கடைகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். பெரும்போக வெட்டு தொடங்கினால் ஆலை வாசலில் லொறிகள் வரிசை கட்டிவிடும். தராசில் வண்டி ஏறியதும் எடை ஒரு செய்தியாகக் கிளம்புகிறது. அது கணக்குக்கும் போக வேண்டும், களஞ்சியத்துக்கும் போக வேண்டும், விவசாயியின் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரலுக்கும் போக வேண்டும். நடுவில் நின்று வாங்கிப் பிரித்துக் கொடுப்பதுதான் மெசேஜ் புரோக்கர். அதை எந்த இயங்குதளத்தில் ஓட்டினால் வேகம் என்று ஆலைக்காரர்களும் கேட்கிறார்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்காகவும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறோம்.

புரோக்கர் என்று ஏன் பெயர்? நேரடியாக அனுப்பினால் என்ன?

நெல் தரகர் என்ன செய்கிறார்? விற்பவருக்கு வாங்குபவர் யார் என்று தெரிய வேண்டியதில்லை, இருவரும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் நிற்கவும் வேண்டியதில்லை. இதுவும் அப்படித்தான். கணக்குக் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தாலும் தராசு நிற்காது. செய்தி வரிசையில் காத்திருக்கும். இந்தத் தரகர் கமிஷன் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: லினக்ஸா, விண்டோஸா, மேக்கா?

சேர்வராக ஓட்டுவதற்கு லினக்ஸ்.

காரணம், இந்த மென்பொருட்களில் பலவும் லினக்ஸில்தான் அதிகம் ஓடுகின்றன, அங்கேதான் அதிகம் தீட்டப்பட்டிருக்கின்றன. லிங்க்ட்இன் நிறுவனத்துக்குள் பிறந்து 2011இல் திறந்த மூலமாக வெளிவந்த காஃப்கா என்ற புரோக்கர், கோப்புகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் கேர்னலின் (இயங்குதளத்தின் உட்கரு) வழக்கத்தையே நம்பிக் கட்டப்பட்டது. விண்டோஸ் நன்றாக ஆதரிக்கப்படும் தளம் அல்ல என்று காஃப்காவின் ஆவணமே சொல்லியிருக்கிறது. ஆக்டிவ்எம்கியூ ஆர்டெமிஸ் என்ற இன்னொரு புரோக்கர் தன் பதிவேட்டை எழுத லிப்ஏஐஓ என்ற வழியைப் பயன்படுத்தும். அது லினக்ஸில் மட்டும்தான் உண்டு. மற்றத் தளங்களில் ஜாவாவின் பொது வழிக்குத் திரும்பிவிடும்.

ஆனால் "எத்தனை மடங்கு வேகம்" என்று கேட்டால் அதற்கு ஒற்றை எண் கிடையாது. யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

எங்கள் ஆலைக்கு இந்த வேகமெல்லாம் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. ஒரு நாளில் 500 லொறி வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லொறிக்கு நாலு செய்தி. மொத்தம் 2,000. பத்து மணி நேர வேலை நாளில் 36,000 செக்கன். அதாவது பதினெட்டு செக்கனுக்கு ஒரு செய்தி. இதைப் பழைய லப்டொப்பில் எந்த இயங்குதளத்தைப் போட்டு ஓட்டினாலும் தாங்கும். சம்மாந்துறையிலிருந்து ஒருவர் இதற்காகவே புதிய சேர்வர் வாங்கட்டுமா என்று கேட்டார். அந்தக் காசுக்கு நல்ல யூபிஎஸ் ஒன்றை வாங்குங்கள் என்றோம்.

மேக்கில் ஓட்டினேன், லினக்ஸைவிடப் பல மடங்கு வேகம் வந்தது. அப்படியென்றால் மேக்தானே நல்லது?

நாங்களும் முதலில் ஏமாந்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புரோக்கர் ஒரு செய்தியை வாங்கியதும் "கிடைத்தது" என்று அனுப்பியவருக்குப் பதில் சொல்கிறது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? நினைவகத்தில் வைத்திருக்கிறேன் என்பதா, டிஸ்க்கில் எழுதிவிட்டேன் என்பதா? டிஸ்க்கில் எழுதிவிட்டேன் என்று சொல்ல, நிரல் கேர்னலிடம் எஃப்சிங்க் என்ற அழைப்பைப் போடும். லினக்ஸில் அந்த அழைப்பு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிற சின்ன இடைநினைவகத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வரும். மேக்கில் அதே எஃப்சிங்க் டிஸ்க்கிடம் தரவைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். டிஸ்க் அதை உண்மையிலேயே எழுதிவிட்டதா என்று நின்று பார்க்காது. நின்று பார்க்க வேண்டுமென்றால் எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்ற வேறொரு கட்டளை வேண்டும். ஆப்பிளின் கையேட்டில் இது எழுதியே இருக்கிறது. யார் வாசிக்கிறார்கள்?

இனி நிரல் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதும் சேர்ந்துகொள்ளும். கோ மொழி 1.12 பதிப்பிலிருந்து மேக்கில் தானாகவே அந்தக் கடுமையான கட்டளையைப் போடுகிறது. ஜாவா 9இலிருந்து அப்படித்தான். ஜாவா 8இல் ஓட்டினால் சாதாரண எஃப்சிங்க். அதாவது ஒரே மேக், ஒரே புரோக்கர், ஜாவாவின் பதிப்பு மட்டும் வேறு. வேகம் தலைகீழாக மாறலாம். நீங்கள் அளந்தது மேக்கின் வேகத்தையா, அது கொடுக்காத வாக்குறுதியையா என்று முதலில் பாருங்கள்.

விண்டோஸ் நல்ல பிள்ளை என்று நினைக்க வேண்டாம். அங்கே டிவைஸ் மனேஜருக்குள், டிஸ்க்கின் பொலிசிஸ் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. எழுதியதை டிஸ்க்குக்குள் காலி செய்யச் சொல்லும் வேலையை நிறுத்து என்பது அதன் பொருள். அதைச் சரி போட்டுவிட்டால் புரோக்கர் பறக்கும். கரண்ட் போகிற வரைக்கும்.

டிஸ்க் உண்மை சொல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் பெருக்கல் வகுத்தல் போதும். 7,200 சுற்று டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுகிறது. செக்கனுக்கு 120 தடவை. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். ஒரு செய்தியை எழுதி, காலி செய்து, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புகிறீர்கள் என்றால் செக்கனுக்கு நூறுக்குக் கிட்டத்தான் வரும். உங்கள் சோதனை 5,000 என்று காட்டினால் இரண்டில் ஒன்று: புரோக்கர் பல செய்திகளைச் சேர்த்துக் கட்டாக எழுதுகிறது, அல்லது யாரோ பொய் சொல்கிறார்கள். கட்டாக எழுதுவது நியாயமான வழிதான். ஆனால் ஒரு பக்கம் கட்டாகவும் மறுபக்கம் ஒற்றையாகவும் எழுதவிட்டு ஒப்பிட்டால் அது ஒப்பீடு இல்லை.

எஸ்எஸ்டியில் இந்தக் கணக்கு உதவாது. அங்கே டிஸ்க்கை அளக்கும் எஃப்ஐஓ என்ற கருவியைப் புரோக்கரே இல்லாமல் ஓட்டி, எழுதும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு எஃப்சிங்க் போட்டால் எவ்வளவு வருகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஒற்றையாக அனுப்புகிற சோதனையில் புரோக்கர் அந்த எண்ணைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

விண்டோஸில் செக்கனுக்கு 64 செய்திதான் போகிறது. லினக்ஸில் ஆயிரத்துக்குக் கிட்ட. விண்டோஸ் இவ்வளவு மோசமா?

64 என்ற எண்ணைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அனுப்புகிற நிரலில் ஒவ்வொரு செய்திக்கும் நடுவே "ஒரு மில்லிசெக்கன் தூங்கு" என்று எழுதியிருப்பீர்கள், சரியா? விண்டோஸின் கடிகாரம் இயல்பாக 15.6 மில்லிசெக்கனுக்கு ஒருமுறைதான் தட்டும். ஒன்று கேட்டாலும் அடுத்த தட்டு வரும்வரை உறங்கிவிடும். ஆயிரத்தை 15.6ஆல் வகுத்தால் 64. நீங்கள் அளந்தது புரோக்கரை அல்ல, நிரலின் தூக்கத்தை.

இன்னொரு வேடிக்கை: பைத்தன் 3.11 விண்டோஸில் நுணுக்கமான கடிகாரத்துக்கு மாறிவிட்டது. பழைய பைத்தனில் 64 வந்த அதே நிரல், அதே கம்ப்யூட்டர், பைத்தனை மட்டும் புதுப்பித்தால் பல மடங்கு கூடும். ஆய்வறிக்கையில் இயங்குதளப் பதிப்பை எழுதுகிறவர்கள் பைத்தன் பதிப்பை எழுத மறந்துவிடுகிறார்கள்.

கேட்டுப் பதில் வாங்கும் சோதனையில் செக்கனுக்குச் சரியாக 25 வருகிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஏன்?

ஒரு செக்கனை 25ஆல் வகுத்தால் 40 மில்லிசெக்கன். சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து அனுப்பலாம் என்று அனுப்புபவர் காத்திருக்கிறார். பெற்றுக்கொண்டேன் என்பதைப் பிறகு சேர்த்துச் சொல்லலாம் என்று பெறுபவர் காத்திருக்கிறார். ரெண்டு பேரும் "நீங்கள் முதலில்" என்று வாசலில் நிற்பது போல. லினக்ஸ் பெறுபவர் காத்திருக்கும் நேரம் குறைந்தது 40 மில்லிசெக்கன். விண்டோஸில் நெடுங்காலம் 200 ஆக இருந்தது. அங்கே செக்கனுக்கு 5 என்று வரும். துண்டுகளைச் சேர்க்கக் காத்திருக்காதே என்று அனுப்புபவரிடம் சொல்லும் ரிசிபி நோடிலே என்ற அமைப்பைப் போடுங்கள், தீர்ந்தது.

காஃப்காவை விண்டோஸில் நேரடியாகப் போடலாமா?

பழகிப் பார்க்கலாம். உற்பத்தியில் வேண்டாம்.

வேகத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. லினக்ஸில் திறந்திருக்கும் கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியும். பயன்படுத்துகிற நிரல் முடிக்கும்வரை உள்ளடக்கம் இருக்கும். விண்டோஸ் விடாது. காஃப்கா தன் அட்டவணைக் கோப்புகளை நினைவகத்தோடு பிணைத்து வைத்திருக்கும். பழையதைக் கழிக்கும் நேரம் வந்ததும் பெயரை மாற்றப் போகும், விண்டோஸ் "கோப்பு பயன்பாட்டில் உள்ளது" என்று மறிக்கும், புரோக்கர் விழுந்துவிடும். செய்திகளை வைத்திருக்கும் இயல்பான காலம் 168 மணி நேரம், அதாவது ஏழு நாள். திங்கட்கிழமை நிறுவினால் முதல் வாரம் முழுக்க ஒரு குறையும் தெரியாது. செயல்விளக்கமெல்லாம் அருமையாக முடிந்த பிறகுதான் தொடங்கும்.

அப்படியென்றால் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல், இல்லாவிட்டால் மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டொக்கர்?

இரண்டும் உள்ளே லினக்ஸையே ஓட்டுகின்றன. டபிள்யூஎஸ்எல் 2இல் தரவை லினக்ஸின் சொந்த வட்டுக்குள் வையுங்கள். சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸ் பக்கத்திலிருந்து எட்டிப் படித்தால் ஒவ்வொரு கோப்பு வேலையும் ஒரு எல்லையைக் கடந்து போய்வர வேண்டும், மிகவும் மெதுவாகும். மேக்கில் டொக்கர் டெஸ்க்டொப் போட்டாலும் உள்ளே ஒரு மெய்நிகர் இயந்திரம்தான் லினக்ஸாக ஓடுகிறது. ஆகவே "மேக்கில் டொக்கரில் அளந்தேன்" என்றால் மேக்கையும் அளக்கவில்லை, வெறும் லினக்ஸையும் அளக்கவில்லை. பழகுவதற்கு நல்லது. ஒப்பீட்டு அட்டவணையில் தனி வரியாகப் போடுங்கள், மேக் என்று எழுதாதீர்கள்.

ரேபிட்எம்கியூ, மொஸ்கிட்டோ என்ற புரோக்கர்கள் எப்படி?

ரேபிட்எம்கியூ எர்லாங் மொழியில் எழுதப்பட்டு 2007இல் வந்தது. எர்லாங்கே இயங்குதளத்துக்கு மேலே தனக்கென ஒரு சின்ன உலகத்தை வைத்துக்கொள்வதால் தளத்துக்குத் தளம் நடத்தை அதிகம் மாறாது. அங்கே இடிப்பது இணைப்பு எண்ணிக்கை. ஒவ்வொரு இணைப்பும் ஒரு கோப்புபோல எண்ணப்படும். ஒரு நிரலுக்கு இயல்பாகக் கிடைக்கும் எல்லை லினக்ஸில் பெரும்பாலும் 1,024, மேக்கில் 256. உற்பத்திக்குக் குறைந்தது 65,536 வையுங்கள் என்பது ரேபிட்எம்கியூ ஆவணத்தின் அறிவுரை. எல்லையை உயர்த்தாமல் ஆயிரம் இணைப்பு கொடுத்துவிட்டு "மேக் தாங்கவில்லை" என்று எழுதியவர்களும் உண்டு. விண்டோஸில் வைரஸ் தடுப்பான் தரவுக் கோப்புறையைத் தொடாதபடி விலக்கு கொடுத்தீர்களா என்றும் பாருங்கள்.

மொஸ்கிட்டோ, எம்கியூடிடி என்ற செய்தி நெறிமுறையில் பேசும் சின்னஞ்சிறு புரோக்கர். எம்கியூடிடி 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க உருவானது. காசு கொட்டும் மெல்லிய இணைப்பில் கொஞ்சமாகப் பேசுவதற்கென்றே செய்தது. உன்னிச்சைக் குளத்தில் நீர்மட்டம் அளக்கும் கருவி வைக்கிற யோசனை இருந்தால் இதுதான் பொருத்தம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இயல்பு அமைப்பில் மொஸ்கிட்டோ டிஸ்க்கில் எதையும் சேமிப்பதில்லை. சேமிக்கச் சொன்னாலும் 1,800 செக்கனுக்கு ஒருமுறைதான், அதாவது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை. எங்கள் ஊர் கரண்ட்டுக்கு அரை மணி நேரம் என்பது நீண்ட காலம். அந்த எண்ணைக் குறையுங்கள். குறைத்த பிறகு அளந்த வேகமே உங்கள் வேகம்.

சரி, நேர்மையாக அளப்பது எப்படி?

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இயங்குதளத்தையும் போட்டு மாறி மாறி எழுப்புங்கள். அனுப்பும் நிரலையும் பெறும் நிரலையும் வேறொரு கம்ப்யூட்டரில் வையுங்கள், அது எப்போதும் ஒரே இயங்குதளமாக இருக்கட்டும். எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால் அவை ஒன்றின் சிபியூவை மற்றது பிடுங்கும். வலை அட்டைக்கு வேலையே இருக்காது. அனுப்புவதும் பெறுவதும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் தாமதத்தை ஒரே கடிகாரத்தில் பார்க்கலாம். இரண்டு கடிகாரம் ஒத்துப்போகிறதா என்ற தலைவலி இல்லை.

மின்சேமிப்பு அமைப்பைப் பாருங்கள். விண்டோஸ் "பேலன்ஸ்ட்" என்று இருக்கும், லினக்ஸ் "பவர்சேவ்" என்று இருக்கும். இரண்டையும் முழு வேகத்துக்கு மாற்றுங்கள். அப்புறம் வெயில். சிரிக்க வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகல் இரண்டு மணிக்கு லப்டொப்பில் சோதனை செய்தால், முதலில் ஓடியது வெல்லும், இரண்டாவது தோற்கும். சூடேறியதும் சிபியூ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாங்கள் ஒருமுறை காலையில் லினக்ஸையும் சோற்றுக்குப் பிறகு விண்டோஸையும் ஓட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க லினக்ஸைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். மறுநாள் வரிசையை மாற்றினோம். புகழும் இடம் மாறியது. இப்போது விளக்கு வைத்த பிறகுதான் அளக்கிறோம், அதுவும் மாறி மாறி.

ஜாவாவில் ஓடும் புரோக்கர் என்றால் முதல் சில நிமிட எண்களைத் தூக்கி எறியுங்கள். நிரல் சூடுபிடிக்கும் நேரம் அது.

சராசரித் தாமதத்தைக் கொடுத்தால் போதாதா?

போதாது. தராசு அரை மணி நேரம் பழுதாகி நின்றது என்று வையுங்கள். பின்னால் தெருவில் இருபது லொறி. தராசின் மேல் நின்ற ஒரு லொறிக்கு மட்டும் "அரை மணி நேரத் தாமதம்" என்று எழுதிவிட்டு, மற்ற இருபதுக்கும் தராசில் ஏறிய பிறகான நேரத்தை மட்டும் எழுதினால் சராசரி அழகாக வரும். தெருவில் நின்ற டிரைவரிடம் காட்டிப் பாருங்கள்.

பல சோதனைக் கருவிகள் இதைத்தான் செய்கின்றன. புரோக்கர் இரண்டு செக்கன் உறைந்தால் கருவியும் அனுப்பாமல் காத்திருக்கும். அந்த இரண்டு செக்கனில் போக வேண்டியிருந்த செய்திகள் கணக்கிலேயே வராது. கில் டெனே என்ற பொறியாளர் இதற்கு "கோர்டினேட்டட் ஒமிஷன்" என்று பெயர் வைத்தார். செய்தி உண்மையில் கிளம்பிய நேரத்தை விட்டு, கிளம்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து கணக்கெடுங்கள். தாமதங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நூற்றில் 99ஆவது, ஆயிரத்தில் 999ஆவது எவ்வளவு என்று எழுதுங்கள். இயங்குதளங்களின் வித்தியாசம் சராசரியைவிட அந்த வால் பகுதியில்தான் நன்றாகத் தெரியும்.

கிளவுட்டில் வைத்தால் இந்தக் குழப்பமெல்லாம் இல்லையே?

வேறு குழப்பம். சிங்கப்பூர் இங்கிருந்து ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி மில்லிசெக்கனுக்கு 200 கிலோமீற்றர் போகும். நேர்கோட்டில் போய்வந்தாலே 25 மில்லிசெக்கன், கேபிள் நேர்கோட்டில் போவதுமில்லை. இயங்குதளம் மிச்சம் பிடிக்கும் மைக்ரோசெக்கன்கள் அதற்குள் காணாமல் போய்விடும். தராசுக்குப் பக்கத்தில் ஒரு புரோக்கரை வைத்து, அங்கிருந்து கிளவுட்டுக்கு அனுப்புங்கள். இணையம் அறுந்தாலும் ஆலை நிற்காது.

செய்தி தொலையாது என்று எப்படி உறுதி செய்வது?

இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஓர் ஆலையில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் புரோக்கர் ஓடியது. வேகம் அருமை. ஒரு மாலை மழையோடு கரண்ட் போனது, யூபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தது. திரும்ப எழுப்பினால் கடைசிச் சில எடைகள் இல்லை. கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவர் வேகத்துக்காக அந்தக் கட்டத்தில், மேலே சொன்னேனே, சரி போட்டிருந்தார். விவசாயிகளின் கையில் தாள் துண்டு இருந்ததால் தப்பினோம். ஒவ்வொருவராக அழைத்துத் துண்டைப் பார்த்து எடையைத் திரும்பப் பதிந்தோம்.

அதன் பிறகு நாங்கள் வேகம் அளக்கும் முன் பிளக்கைப் பிடுங்குகிறோம். சோதனைக் கம்ப்யூட்டரில்தான், லப்டொப் என்றால் பேட்டரியையும் கழற்றிவிட்டு. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து 1, 2, 3 என்று எண்ணைச் செய்தியாக அனுப்பிக்கொண்டே இருப்போம். "கிடைத்தது" என்று பதில் வந்த எண்ணை மட்டும் திரையில் காட்டுவோம். ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் சுவரில் பிளக்கை இழுப்பார். திரையில் கடைசியாக நிற்கும் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, கம்ப்யூட்டரை எழுப்பி, வரிசையில் உள்ளதை எண்ணுவோம். தாளில் உள்ள எண்வரை எல்லாம் இருக்க வேண்டும்.

தனி ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் காஃப்கா இயல்பு அமைப்பில் இதில் தோற்கக்கூடும். அது ஒவ்வொரு செய்திக்கும் எஃப்சிங்க் போடுவதில்லை; பல கம்ப்யூட்டரில் நகல் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. லினக்ஸ் கேர்னல் அழுக்குப் பக்கங்களை, அதாவது டிஸ்க்கில் இன்னும் எழுதாத தரவை, இயல்பாக 30 செக்கன் வரை நினைவகத்திலேயே வைத்திருக்கலாம். ரேபிட்எம்கியூவில் பல கம்ப்யூட்டரில் நகல் வைக்கும் குவோரம் வரிசை ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் காலி செய்த பிறகே பதில் சொல்லும். அதனால்தான் அது மெதுவாகத் தெரிகிறது.

ஒவ்வொரு இயங்குதளத்திலும் பத்துத் தடவை பிடுங்குவோம். ஒரு தடவை எண் குறைந்தாலும் அந்த அமைப்பின் வேகத்தை அட்டவணையில் எழுதுவதில்லை. கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம்.